கோத்தகிரித் தந்தை ஒருவருக்கு: உங்கள் மகள் போரைப் பற்றிப் படிக்கட்டும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் மகளுடன் குன்னூரில் உள்ள என் கல்வி ஆலோசனை அலுவலகத்துக்கு வந்திருந்தபோது நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்று முழுமையாக விடை சொல்ல நேரம் போதவில்லை. "பகை நாடுகள் ஏன் கூட்டுச் சேருகின்றன, பெரும் போருக்கு ஏன் ஆயத்தமாகின்றன என்றெல்லாம் படித்துவிட்டு என் பெண் எங்கே வேலைக்குப் போவாள்? நர்சிங் படித்தால் கையில் ஒரு தொழில் இருக்குமே" என்றீர்கள். தேயிலைத் தொழிற்சாலைச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தந்தைக்கு இந்தக் கவலை வரத்தான் செய்யும். ஆயினும் பன்னாட்டு அரசியலும் போரும் பற்றிப் படிக்க விரும்பும் அவளைத் தடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் வெளியே தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது அவள் என் மேசையில் ஒரு நோட்டை விரித்துக் காட்டினாள். முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாவின் வரைபடத்தைக் கையால் வரைந்து, 1879-இல் ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் செய்துகொண்ட உடன்படிக்கையைச் சிவப்பு மையிலும், 1894-இல் பிரான்சும் ரஷ்யாவும் சேர்ந்ததை நீல மையிலும் கோடிட்டிருந்தாள். 1882-இல் முதல் அணியில் சேர்ந்த இத்தாலியின் கோடு மட்டும் பென்சிலில் இருந்தது. காரணம் கேட்டேன். "1915-இல் அது எதிர் அணிக்குப் போய்விட்டது சார், அதனால் மையால் போட மனம் வரவில்லை" என்றாள். கையெழுத்திட்ட உடன்படிக்கையையும் நாடுகள் தம் நலன் மாறும்போது கைவிடும் என்பதை ஒரு பிளஸ் டூ மாணவி தானாகவே கண்டுகொண்டிருக்கிறாள். இத்தகைய பதிலை நான் பல மாணவரிடம் கேட்டதில்லை.

அவள் பிடித்திருக்கும் கேள்வி எளியதன்று. 1898-இல் நைல் நதிக்கரையில் உள்ள பஷோடாவில் பிரிட்டனும் பிரான்சும் ஒன்றையொன்று சுடும் நிலைக்கு வந்தன. ஆறே ஆண்டுகளில், 1904-இல், அதே இரு நாடுகளும் தம் பழைய பூசல்களைத் தீர்த்துக்கொண்டு நட்பு உடன்பாடு செய்துகொண்டன. பாரசீகத்திலும் ஆப்கானிஸ்தானிலும் நெடுங்காலம் போட்டியிட்ட பிரிட்டனும் ரஷ்யாவும் 1907-இல் சமரசத்துக்கு வந்தன. இடையில் நடந்தது என்னவென்றால், 1898-லும் 1900-லும் சட்டம் இயற்றி ஜெர்மனி தன் கடற்படையைப் பெருக்கத் தொடங்கியதுதான். பழைய பகையைவிடப் புதிய அச்சம் பெரிதாகிவிட்டது. ஜெர்மனியோ தன்னை இருபுறமும் வளைத்துவிட்டார்கள் என்று அஞ்சியது. ரஷ்யா முழுப் படையையும் திரட்டி முடிப்பதற்குள் பிரான்சை முந்தித் தாக்கிவிட வேண்டும் என்று அதன் தளபதிகள் வகுத்த திட்டம் ரயில் நேர அட்டவணையோடு பிணைந்திருந்ததால், 1914 ஜூலை இறுதியில் ரஷ்யா படை திரட்ட ஆணையிட்டதும் பொறுத்திருந்து பேசுவதற்கு அங்கே இடமில்லாமல் போயிற்று; முதல் உலகப் போர் மூண்டது. ஒரு நாடு தற்காப்பு என்று செய்வதை அடுத்த நாடு தாக்குதலுக்கான ஆயத்தமாகவே பார்க்கிறது. அதைக் கண்டு அதுவும் ஆயுதம் சேர்க்கிறது. இத்துறையின் நடு நரம்பே இதுதான். கூட்டணி எப்போதும் போரில்தான் முடியும் என்றும் சொல்ல முடியாது: அமெரிக்கா தலைமையில் 1949-இல் உருவான நேட்டோவும் சோவியத் ஒன்றியத்தின் தலைமையில் 1955-இல் உருவான வார்சா அணியும், பின்னது 1991-இல் கலையும் வரை, நேருக்கு நேர் மோதவே இல்லை. ஏன் ஓரிடத்தில் மூண்டது, ஓரிடத்தில் மூளவில்லை என்பதைத்தான் உங்கள் மகள் தெரிந்துகொள்ள விரும்புகிறாள்.

போரைப் பற்றிப் படித்தால் பெண் பிள்ளையின் மனம் முரடாகிவிடும் என்று வீட்டில் சொல்வதாகக் குறிப்பிட்டீர்கள். இதில் மட்டும் நான் உங்கள் வீட்டாரோடு மாறுபடுகிறேன். இலங்கையிலிருந்து வந்த உங்கள் குடும்பத்தின் கதையே இதற்குச் சான்று. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, இலங்கையில் குடியுரிமையின்றி வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று இரு தலைநகரங்களும் முடிவு செய்தன. அங்கே தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் குடியிருந்த உங்கள் பெற்றோரை யாரும் கேட்கவில்லை. சீனப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. அண்டை நாட்டின் நட்பு அன்று இந்தியாவுக்கு மிகவும் தேவைப்பட்டது. நாடுகளின் கணக்கு ஒரு குடும்பத்தைக் கடல் தாண்டிக் கோத்தகிரிக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்பதை அறிந்த வீட்டுப் பெண், அந்தக் கணக்கைப் படிக்க விரும்புவது எனக்கு மிகவும் இயல்பாகத் தோன்றுகிறது.

இனி வேலைக்கு வருவோம். நம் மலையிலேயே, வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் படை அலுவலர் கல்லூரியில், முப்படை அதிகாரிகளும் நட்பு நாடுகளின் அதிகாரிகளும் இதே பாடத்தைப் படித்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டம் பெறுகிறார்கள். அப்பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் துறை உண்டு. உங்கள் மகள் முதுகலைக்கு அங்கே விண்ணப்பிக்கலாம். பொது நுழைவுத் தேர்வு எழுதித் தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பன்னாட்டுக் கல்வித் துறைக்கும் போகலாம். அதற்கு முன் மூன்று ஆண்டுகள் வரலாறோ பொருளாதாரமோ படிக்க வேண்டும். பொருளாதாரம் படித்தால் வாசல்கள் கூடுதலாகத் திறக்கும் என்பது என் அனுபவம். அரசுப் பள்ளியில் படித்தவள் ஆதலால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். சேர்ந்தவுடன் கல்லூரி வழியாகவே விண்ணப்பித்துவிடுங்கள்.

வெளியுறவுப் பணிக்குக் குடிமைப் பணித் தேர்வுதான் வழி. பிற்படுத்தப்பட்டோர் 35 வயது வரையிலும் பட்டியல் இனத்தவர் 37 வயது வரையிலும் எழுதலாம். ஆனால் அந்த ஒன்றையே நம்பி வீட்டில் உட்கார்ந்து ஆண்டுகளைக் கழிக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். செய்தி நிறுவனங்கள், ஏற்றுமதி நிறுவனங்கள், கல்லூரி ஆசிரியப் பணி, மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் கால் ஊன்றிக்கொண்டே தேர்வுக்குப் படிக்க வேண்டும். ஆய்வு நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் குறைவு; ஒரு செவிலியர் வாங்குவதைவிடக் குறைவாகவே சில ஆண்டுகள் இருக்கக்கூடும் என்பதை மறைக்க மாட்டேன்.

அந்த ஆண்டுகளில் அவளைக் காப்பாற்றப்போவது ஒரு மொழி. பிரெஞ்சும் ரஷ்யனும் பலர் படிக்கிறார்கள். பேசிக்கொண்டிருந்தபோது, தன் பாட்டிக்குச் சிங்களம் சரளமாக வரும் என்று அவள் போகிற போக்கில் சொன்னாள். தமிழும் ஆங்கிலமும் சிங்களமும் அறிந்து, இந்துமாக் கடல் அரசியலும் படித்த பெண்ணுக்கு நிகரானவர்கள் இந்நாட்டில் மிகக் குறைவு. பாட்டி தினமும் மாலையில் அரை மணி நேரம் அவளோடு சிங்களத்தில் மட்டுமே பேசட்டும். எழுத்துகளை அவள் தானே கற்றுக்கொள்வாள். அடுத்த சனிக்கிழமை மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் எடுத்து வாருங்கள், கல்லூரி விண்ணப்பங்களை உட்கார்ந்து நிரப்புவோம். பாட்டியால் பஸ்ஸில் வர முடியுமானால் அவரையும் அழைத்து வாருங்கள்.