பெட்டியில் 240 வாட்ஸ், வண்டியில் எத்தனை? மேலதிக லைட் வாங்குவோரின் கேள்விகள்

திருகோணமலை நகரைத் தாண்டினால் எந்தப் பக்கம் போனாலும் இருட்டு வீதிதான். மாரிக்கு முன் வண்டிக்கு மேலதிக லைட் பூட்ட நினைக்கும் வாசகர்களின் கேள்விகளை இம்முறை எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி (நிலாவெளி): பழைய டபிள் கப் வைத்திருக்கிறேன். வாரத்தில் மூன்று இரவாவது புல்மோட்டை போய்வர வேண்டும். குச்சவெளிக்கு அப்பால் நான் போகும் உள்வீதிகள் கிறவல். கடையில் 240 வாட்ஸ், 24,000 லுமென் என்று எழுதிய எல்ஈடி பார் மலிவாக இருக்கிறது. அங்கேயே 30 வாட்ஸ் வட்ட லைட் சோடி ஒன்று, விலை மூன்று மடங்கு. எதை வாங்குவது?

பதில்: சோடியை வாங்குங்கள். பெட்டியில் அச்சடித்த வாட்ஸுக்கு யாரும் பொறுப்பில்லை. உண்மையிலேயே 240 வாட்ஸ் என்றால் 12 வோல்ட் பற்றரியிலிருந்து அந்தப் பார் 20 அம்பியர் இழுக்க வேண்டும். கடையில் ஒரு பற்றரியில் கொடுத்து எரியவிடச் சொல்லி, டீசி அளக்கும் கிளாம்ப் மீற்றரை வயரில் மாட்டிப் பாருங்கள். 4 அம்பியர் காட்டினால் அது 48 வாட்ஸ் லைட். மீற்றர் இல்லையென்றால் பாரிலிருந்து வெளியே வரும் வயரைப் பாருங்கள். ஊசி மொத்தத்தில் இருக்கும் செம்பு 20 அம்பியரைத் தாங்காது, போனால் வயரின் உறை உருகும்.

லுமென் கணக்கும் அப்படித்தான். நல்ல எல்ஈடி லைட்டின் கண்ணாடியைத் தாண்டி வெளியே வருவது ஒரு வாட்ஸுக்குக் கிட்டத்தட்ட 100 லுமென். 48 வாட்ஸில் 24,000 லுமென் தரும் வெள்ளை எல்ஈடி உலகத்தில் எங்கும் இல்லை.

லுமென் என்பது லைட் மொத்தமாகக் கொட்டும் வெளிச்சம். அது வீதியில் விழுகிறதா, பக்கத்து மரத்தில் விழுகிறதா என்று அந்த எண் சொல்லாது. அதற்குக் கேட்க வேண்டியது கண்டெலா (ஒரு திசையில் அடிக்கும் வெளிச்சத்தின் பலம்), அல்லது இத்தனை மீற்றரில் ஒரு லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) என்ற கணக்கு. தூரத்தை அதே தூரத்தால் பெருக்கினால் கண்டெலா வரும். 200 மீற்றரில் ஒரு லக்ஸ் வேண்டுமானால் 40,000 கண்டெலா. இந்த எண்ணை வெளியிடும் தயாரிப்பாளர் லைட்டை அளந்திருக்கிறார் என்று ஓரளவு நம்பலாம். கண்ணாடியில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு இலக்கமும் பொறித்திருந்தால் இன்னும் நல்லது. ஐரோப்பிய விதிப்படி பரிசோதித்த லைட்டுக்கான அடையாளம் அது. ஒட்டிய ஸ்டிக்கரைக் கணக்கில் எடுக்காதீர்கள், வார்ப்பிலேயே இருக்க வேண்டும்.

அடுத்தது, உங்களுக்கு எவ்வளவு தூரம் தேவை என்பது. கிறவலில் 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டி, மாட்டைக் கண்டு பிரேக் பிடித்து நிற்கச் சுமார் 60 மீற்றர் ஓடிவிடும். ஹெட்லைட்டின் டிம் வெளிச்சம் சரியாக அந்த இடத்தில்தான் முடிகிறது. 80 இல் போனால் கிட்டத்தட்ட 100 மீற்றர் வேண்டும். ஆகவே உங்களுக்குக் குறைவது 60 முதல் 200 மீற்றர் வரையான துண்டு. ஒரு கிலோமீற்றருக்கு அடிக்கும் ஒடுங்கிய ஸ்பொட் லைட் வளைவுகள் உள்ள வீதியில் வீண். நேராகத் தூரமும் ஓரத்தில் கொஞ்சம் பரவலும் தரும் டிரைவிங் அல்லது கொம்போ வகையைக் கேளுங்கள். முழுப் பிளட் வகை வண்டிக்கு முன்னால் பத்து மீற்றரைப் பகலாக்கிவிடும். கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகியதும் அதற்கப்பால் இருட்டு இன்னும் கறுக்கும்.

நிறத்தில் 4000 முதல் 5000 கெல்வின் வரை தேடுங்கள். 6500 கெல்வின் நீலவெள்ளை கடையில் பிரகாசமாகத் தெரியும், மழையிலும் முன்வண்டி கிளப்பும் புழுதியிலும் வெள்ளைத் திரையாகத் திரும்பி வந்து கண்ணைக் கூச வைக்கும்.

கூரையில் பூட்ட வேண்டாம். பொனட்டில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஓட்டுபவரைத்தான் முதலில் தாக்கும், புழுதியில் அது இரட்டிப்பாகும். பம்பரோடு ஒட்டித் தாழ்வாகப் பூட்டினால் குழியின் நிழல் நீண்டு விழும், குழி முன்கூட்டியே தெரியும்.

கேள்வி (கிண்ணியா): பார் லைட்டை ஹெட்லைட் வயரில் ஒட்டி, டாஷ்போர்ட் சுவிட்ச்சால் போட்டு எடுக்கிறோம். பத்து நிமிடத்தில் சுவிட்ச் சூடாகிப் பிளாஸ்டிக் மணக்கிறது. ஹெட்லைட்டும் மங்குகிறது. ஒருமுறை பியூஸும் போனது. பெரிய பியூஸ் போட்டால் சரிவருமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பியூஸ் காப்பாற்றுவது வயரை. 15 போன இடத்தில் 30 போட்டால் அடுத்தமுறை எரிவது டாஷ்போர்டுக்குள் இருக்கும் வயர். இன்றே அந்த இணைப்பைக் கழற்றுங்கள்.

ஹெட்லைட் வயர் ஹெட்லைட்டுக்கு மட்டும் அளந்து போட்டது. அதில் இன்னொரு 10 அம்பியர் ஏறினால் வயரிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடும். ஹலோஜன் பல்புக்கு வோல்ட் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறையும். உங்கள் ஹெட்லைட் மங்குவது அதனால்.

வாங்க வேண்டியவை: நாலு கால் 12 வோல்ட் 30 அல்லது 40 அம்பியர் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) ஒன்று, மழை படாத மூடியுள்ள பியூஸ் கூடு, 2.5 சதுர மிலிமீற்றர் வாகன வயர். 10 அம்பியர் லைட்டுக்கு 15 அம்பியர் பியூஸ் போதும். வீட்டு வயரிங்குக்கு விற்கும் ஏழு இழை விறைத்த வயரை வாங்காதீர்கள், அதிர்வில் உள்ளேயே முறியும். நிறைய மெல்லிய இழைகள் உள்ளதாகக் கேளுங்கள்.

ரிலேயின் கால்களில் இலக்கம் பொறித்திருக்கும். 30 என்ற காலுக்குப் பற்றரி பொசிட்டிவ், இடையில் பியூஸ். பியூஸ் பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ள வயர் பம்பரில் உரசினால் காப்பாற்ற ஒன்றும் இல்லை. 87 இலிருந்து லைட்டுக்கு. 86 க்கு ஹை பீம் வயர், டாஷ்போர்ட் சுவிட்ச் வழியாக. 85 வண்டியின் இரும்பு உடலில் எர்த். இப்போது சுவிட்ச்சில் ஓடுவது 0.2 அம்பியர் அளவுதான், சூடாகாது. ஹை பீமிலிருந்து எடுப்பதால், எதிரே வண்டி வரும்போது டிம் அடித்தால் மேலதிக லைட்டும் தானாக அணையும்.

பலர் சிக்கும் இடம் இது. பழைய ஜப்பான் வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் பொசிட்டிவ் பொதுவாக வரும், சுவிட்ச் வெட்டுவது நெகட்டிவை. அந்த வண்டியில் மேலே சொன்னபடி கட்டினால் டிம் போட்டாலும் லைட் அணையாது. டிம்மும் ஹையும் ஒரே பல்பில் உள்ள எச்4 வகையின் பிளக்கில் மூன்று கால் உண்டு: பொது, டிம், ஹை. ரிலேயின் 86 ஐப் பொதுக் காலுக்கும் 85 ஐ ஹை காலுக்கும் கொடுத்தால், எந்த முறையில் வயர் போட்ட வண்டியானாலும் வேலை செய்யும். டாஷ்போர்ட் சுவிட்ச்சை இந்த இரண்டில் ஒன்றின் நடுவே வையுங்கள். தொழிற்சாலையிலேயே எல்ஈடி ஹெட்லைட்டுடன் வந்த புதிய வண்டியில் வயரை வெட்ட வேண்டாம், கணினி பிழை காட்டும். அதை அந்த மொடலில் அனுபவமுள்ள எலக்ட்ரீசியனிடம் விடுங்கள்.

கடைசியில் ஒரு சோதனை. எஞ்சின் ஓட, லைட் எரிய, மல்ட்டிமீற்றரின் ஒரு முனையை லைட்டின் நெகட்டிவிலும் மறுமுனையைப் பற்றரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பெயின்டைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பில் போல்ட் இறுக்குங்கள், அல்லது நேராகப் பற்றரிக்கே ஒரு வயர் இழுங்கள்.

கேள்வி (மூதூர்): ஆறு மாதத்தில் லைட்டுக்குள் தண்ணீர். ஐபி67 (தூசும் தண்ணீரும் புகாத தரம்) என்று எழுதித்தான் விற்றார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: இருக்கலாம். ஆனால் முதலில் உள்ளே இருப்பது பனியா, தண்ணீரா என்று பாருங்கள். காலையில் கண்ணாடியின் உள்ளே மெல்லிய மூட்டம், லைட் போட்டு இருபது நிமிடத்தில் மறைந்தால் அது இயல்பு. லைட்டின் முதுகில் மூச்சு விடும் சிறு துளை உண்டு, சேறு அடைத்தால் சுத்தம் செய்யுங்கள், சிலிக்கன் பூசி மூடாதீர்கள். அடியில் துளியாகத் தேங்கி நின்றால் வொஷர் போய்விட்டது. பில்லோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.

வெருகல் பக்கம் தண்ணீர் ஓடும் இடங்களைக் கடக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐபி67 சோதனை ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம், சூடாறிய லைட்டுக்கு. எரிந்து சூடான லைட் சட்டென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, வொஷர் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சும். இறங்குமுன் அணைத்துப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.

எங்கள் கரையில் தண்ணீரைவிடப் பெரிய எதிரி உப்பு. அலுமினியக் கூட்டில் துருப்பிடிக்காத போல்ட் நேரடியாகப் பட்டால், உப்பு ஈரத்தில் அலுமினியம்தான் கரையும். பெயின்ட் கொப்புளித்து, அடியில் வெள்ளைப் பொடி தெரியும், பிறகு போல்ட் கழறாது. போல்ட்டுக்கும் கூட்டுக்கும் நடுவே நைலோன் வொஷர் வைத்து, புரியில் படகுக்குப் பூசும் கிறீஸ் தடவுங்கள். 304 ஐ விட 316 தர போல்ட் உப்பைத் தாங்கும். வயரையும் படகுச் சாமான் விற்கும் கடையிலேயே வாங்கலாம், இழைகள் வெள்ளீயம் பூசி வெள்ளி நிறமாக இருக்கும். சாதாரண வயரின் உறையை ஒரு வருடம் கழித்து ஐந்து சென்ரிமீற்றர் உரித்துப் பாருங்கள், செம்பு கறுத்திருக்கும். இணைப்பை இன்சுலேஷன் டேப்பால் சுற்றுவது போதாது. உள்ளே பசையுள்ள சுருங்கும் குழாயைப் போட்டுச் சூடாக்கி, இரு முனையிலும் பசை பிதுங்குவதைக் கண்ணால் பாருங்கள்.

கேள்வி (கந்தளாய்): மேலதிக லைட் பூட்டாமல், ஹெட்லைட்டுக்குள் எல்ஈடி பல்பு போட்டால் போதாதா?

பதில்: ஹலோஜனுக்குச் செய்த ஹெட்லைட்டில் போடாதீர்கள். உள்ளே உள்ள கண்ணாடிக் கிண்ணம், பல்பின் இழை இருக்கும் புள்ளியைக் கணக்கிட்டு வளைத்தது. எல்ஈடி பல்பின் சில்லுகள் பெரும்பாலும் அந்தப் புள்ளியில் சரியாக உட்காராது. சுவரில் அடித்துப் பாருங்கள், டிம்மின் மேல்விளிம்பு கலைந்து கிடக்கும். எதிரே வருபவருக்குக் கண் தெரியாது, உங்களுக்கும் தூரம் கூடாது.

உங்கள் கேள்விக்குள் ஒரு நல்ல யோசனை இருக்கிறது: முதலில் ஹெட்லைட்டைச் சரிசெய்வது. வாகன இறக்குமதி 2020 இல் நின்று 2025 இல்தான் திரும்பத் திறந்தது, இங்கே ஓடுபவை பெரும்பாலும் பழைய வண்டிகள். மஞ்சள் பிடித்த பிளாஸ்டிக் முகப்பை 1000, 2000, 3000 இலக்க மண்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பொலிஷ் போட்டு, வெயில் தாங்கும் கிளியர் கோட் அடியுங்கள். கோட் அடிக்காவிட்டால் சில மாதத்தில் பழையபடி மஞ்சளாகும். பிறகு வழக்கமான அதே 60/55 வாட்ஸில் (ஹை 60, டிம் 55) நல்ல பல்பு. 100/90 பல்பு வாங்காதீர்கள், பிளக் உருகும். இவ்வளவும் செய்தபின் மேலதிக லைட்டே தேவையில்லை என்று தோன்றினால், பணம் மிச்சம்.

கேள்வி (தம்பலகாமம்): இரவில் வயல் வேலைக்கு ட்ரக்டரில் எந்த லைட்?

பதில்: வயலுக்குப் பிளட்தான், தூரம் வேண்டாம். 20 வாட்ஸ் அளவில் முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு போதும். மஞ்சள் கலந்த 3000 கெல்வின் எடுத்தால் பூச்சி மொய்ப்பது குறையும். நாலும் சேர்ந்து 7 அம்பியர் வரை இழுக்கும். பழைய ட்ரக்டர் என்றால், லைட் எரியும்போது பற்றரியில் 13.5 வோல்ட்டாவது நிற்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (உப்புவெளி): லைட் போட்டதும் ரேடியோவில் இரைச்சல்.

பதில்: மலிவான எல்ஈடியின் உள்சுற்று கிளப்பும் இரைச்சல். லைட் வயரை ஏரியல் வயரிலிருந்து விலக்கி, லைட்டுக்குப் பக்கத்தில் வயரில் பெரைட் வளையம் ஒன்று மாட்டிப் பாருங்கள். நிற்காவிட்டால் லைட்டை மாற்றுவதுதான் வழி.

கேள்வி (நகர்): எல்லாம் சரியாகப் பூட்டியும் எதிரே வருபவர்கள் லைட் அடித்துத் திட்டுகிறார்கள். ஹபரணை வீதியில் யானைக்கும் பயம். எப்படித் திருப்பி வைப்பது?

பதில்: சமதரையில், சுவருக்கு நேரே 10 மீற்றர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றிவிட்டே செய்யுங்கள். பின்னால் நெல் மூட்டை ஏறினால் மூக்கு மேலே தூக்கும், வெறும் வண்டியில் சரிபார்த்த லைட் அப்போது மரத்தின் உச்சியைக் காட்டும். ஒவ்வொரு லைட்டின் நடு உயரத்தையும் நிலத்திலிருந்து அளந்து, அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். அடர்த்தியான வெளிச்சப் புள்ளி டேப்பிலிருந்து 5 சென்ரிமீற்றர் கீழே விழ வேண்டும். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், ஆகவே வலது லைட்டை நேராக வைத்து, இடது லைட்டை மட்டும் சற்று இடப்புறம் திருப்புங்கள், ஓரத்தில் படுத்திருக்கும் மாடு தெரியும். போல்ட்டை இறுக்கியபின் மறுபடி பாருங்கள், இறுக்கும்போது நகர்ந்திருக்கும்.

ஊருக்குள்ளும் பிரதான வீதியிலும் லைட்டுக்கு மூடி போட்டு ஓட்டுங்கள். மேலதிக லைட்டுக்காகப் பொலிஸ் மறித்தால் மூடியிருப்பது உங்களுக்கு உதவும், எதிரே வருபவருக்கும் நிம்மதி.

யானையை லைட்டால் விரட்டலாம் என்று நினைக்க வேண்டாம். சாம்பல் நிற உடம்பு வெளிச்சத்தைக் குடித்துவிடும், பெரும்பாலும் கிட்ட வந்தபின்தான் தெரியும், அதனால் கந்தளாய் தாண்டியதும் வேகத்தைக் குறைப்பதே முதல் காரியம். கண்டால் தூரத்திலேயே நிறுத்தி, மேலதிக லைட்டை அணைத்து, டிம்மில் விடுங்கள். ஹோர்ன் அடிக்காமல், லைட்டை மினுக்காமல், எஞ்சினை ஓடவிட்டு, பின்னே போகப் பாதை இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு காத்திருங்கள். ஒன்று கடந்ததும் உடனே கிளம்பாதீர்கள், பின்னால் குட்டி வரலாம்.