சமூக மையத்தில் ஒரு மாதம் நடக்கும் இலக்கிய நிகழ்வுகளுக்கும் எழுத்துப் பட்டறைகளுக்கும் போனால் எழுத வருமா?

உங்கள் நிலைமையை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அடுத்த மாதம் முழுவதும் கவிதை வாசிப்பு, எழுத்தாளர் சந்திப்பு, நூல் வெளியீடு, சனிக்கிழமைதோறும் சிறுகதைப் பட்டறை என்று உங்கள் சமூக மையத்தில் அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள். உங்களுக்குப் பகலில் வேலை இருக்கிறது. மாலை நேரம் மட்டுமே கையில் உண்டு. அந்த மாலைகளை அங்கே செலவிடலாமா, வீட்டில் உட்கார்ந்து எழுதலாமா என்று கேட்கிறீர்கள். முடிக்காத கதை ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்றே நினைக்கிறேன். இல்லாதவர்களுக்கு இந்தக் கவலை வருவதில்லை.

சுருக்கமாகச் சொன்னால், போங்கள். பட்டறைக்கு ஒரு வாரம்கூடத் தவறாமல் போங்கள், மற்ற நிகழ்ச்சிகளில் மூன்றோ நான்கோ தேர்ந்தெடுங்கள், மீதி மாலைகளில் எழுதுங்கள். இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்படியோர் இலக்கிய மாதத்தில் முதல் பாதியை நான் பெரும்பாலும் வீணாக்கினேன் என்பதுதான்.

முதல் இரண்டு வாரங்களில் ஒன்பது நிகழ்ச்சிகளுக்குப் போனேன். அலுவலகம் முடிந்ததும் நேரே மையத்துக்குப் போய், இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, பேச்சாளர் சொன்னதில் பிடித்ததையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இலக்கியம் பேசும் இடத்தில் இருப்பதே எழுதுவதற்கு ஈடு என்ற எண்ணம் எனக்குள் எப்படியோ குடிபுகுந்திருந்தது. பதினைந்தாம் நாள் இரவு குறிப்பேட்டைப் புரட்டியபோது நாற்பது பக்கங்கள் நிரம்பியிருந்தன, அவற்றில் ஒரு வரிகூட என்னுடையதாக இல்லை. என் கதை எந்தப் பத்தியில் நின்றிருந்ததோ அதே பத்தியில்தான் நின்றிருந்தது.

நிகழ்ச்சிகள் பயனற்றவை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதக்கணக்கில் உழைத்து அவற்றை நடத்துகிறவர்களை நான் அறிவேன், அவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த ஒன்பதில் ஒன்று என் எழுத்தையே மாற்றியது. அது மொழிபெயர்ப்பாளர் ஒருவருடன் நடந்த உரையாடல். வந்திருந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. அவர் ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். ‘அவள் போனாள்’ என்பதற்கும் ‘அவள் போய்விட்டாள்’ என்பதற்கும் இடையில் உள்ள தூரம்தான் அவருடைய பேச்சு. முதலாவது நடந்ததைச் சொல்கிறது. இரண்டாவது, நடந்தது முடிந்துபோயிற்று, இனி மீட்க முடியாது என்ற உணர்வையும் சேர்த்துச் சொல்கிறது. ‘விடு’ என்னும் அந்தச் சிறிய துணைவினைக்கு நேரான சொல் மூலமொழியில் இல்லாதபோது, எந்த வாக்கியத்தில் அதைச் சேர்ப்பது, எதில் விடுவது என்று ஒவ்வொரு முறையும் தாமே முடிவெடுக்க வேண்டியிருந்ததாக அவர் சொன்னார். அன்று இரவு என் கதையை எடுத்துப் பார்த்தேன். ஐந்து பக்கங்களில் பதினேழு இடங்களில் ‘விட்டது’, ‘விட்டார்’, ‘விட்டேன்’. எல்லாமே மீட்க முடியாதவையாக இருந்ததால் எதுவுமே அப்படித் தோன்றவில்லை. பதினான்கை நீக்கினேன். அட்டவணையில் நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ‘இலக்கியமும் வாழ்வும்’ போன்ற அகன்ற தலைப்புகளைவிட, ஒரு மொழிபெயர்ப்பு, ஒரு கவிதை, ஒரு கதையின் திருத்தம் என்று கையில் பிடிக்கக்கூடிய ஒன்றைப் பற்றிப் பேசப்போகும் கூட்டம் எப்போதும் மேல், அதற்கு எத்தனை பேர் வந்தாலும் சரி.

இனி பட்டறைக்கு வருகிறேன். நாங்கள் பதினான்கு பேர். நான்கு சனிக்கிழமைகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிடங்கள். ஒரு கதையை வாசித்துப் பேசக் குறைந்தது இருபது நிமிடம் வேண்டும். பதினான்கு பேருக்கு 280 நிமிடங்கள் அதிலேயே போகும். மீதியில் பயிற்சிகள். ஆகவே மாதம் முழுவதும் போனாலும் உங்கள் முறை ஒரே ஒரு தடவைதான் வரும். வரைவு ஒன்று கையில் இல்லாமல் போனால் அந்த இருபது நிமிடத்தையும் இழப்பீர்கள். என்னுடன் இருந்த நான்கு பேர் ‘அங்கே போய் எழுதிக்கொள்ளலாம்’ என்று வந்து, மூன்றாம் வாரத்தில் அவசரமாக எழுதியதைக் கொடுத்தார்கள். அவர்களில் இருவர் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் என்பதுதான் வருத்தம்.

ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் பத்து நிமிடம் பேனாவை நிறுத்தாமல் எழுதச் சொன்னார்கள். எழுத்துப்பிழை பார்க்கக் கூடாது, அடிக்கக் கூடாது, எதுவும் தோன்றவில்லை என்றால் ‘எதுவும் தோன்றவில்லை’ என்பதையே எழுத வேண்டும். 1970களில் பீட்டர் எல்போ என்ற ஆசிரியர் பரவலாக்கிய பயிற்சி இது. எனக்கு இதனால் பெரிய பயன் கிடைக்கவில்லை, ஆனால் வெள்ளைத்தாளைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்கு இது உதவியதை நேரில் பார்த்தேன்.

மூன்றாம் வாரம் என் முறை வந்தது. எழுதியவர் வாய் திறக்கக் கூடாது, மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. பல பட்டறைகளில் இந்த விதி உண்டு. 1936இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எழுத்துப் பட்டறையின் வழியாகவும், அதைப் பின்பற்றியவர்கள் வழியாகவும் பரவியது என்பார்கள். எழுத்தாளரை ஊமையாக்கி உட்காரவைப்பது சரியல்ல என்று கருதுகிறவர்களும் இருக்கிறார்கள். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த முறையில், முதலில் பார்வையாளர்கள் தங்கள் மனத்தைத் தொட்டதைச் சொல்ல வேண்டும்; பிறகு படைப்பாளி தன் கேள்விகளைக் கேட்கலாம்; அதன்பின் பார்வையாளர்கள் கருத்தைத் திணிக்காத கேள்விகளைக் கேட்க வேண்டும்; கடைசியில், படைப்பாளி அனுமதித்தால் மட்டுமே கருத்துச் சொல்லலாம். உங்கள் மையத்தில் எந்த முறை என்று முன்கூட்டியே விசாரியுங்கள். கூச்ச சுபாவம் உள்ளவர் என்றால் இரண்டாவது முறைதான் உங்களுக்கு ஏற்றது. எனக்கு வாய்த்தது முதலாவது.

எங்கள் பயிற்றுநர் அதோடு இன்னொரு விதியையும் சேர்த்திருந்தார். எழுதியவர் தன் கதையைத் தானே வாசிக்கக் கூடாது. இன்னொருவர் வாசிக்க வேண்டும். பட்டறையில் நான் பெற்றதெல்லாம் இந்த விதியிலிருந்து வந்தது. என் கதை, இறந்துபோன தந்தையின் கைக்கடிகாரத்தைப் பற்றியது. அதை வாசித்தவர் ஓய்வுபெற்ற ஓர் அம்மையார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நிறுத்தி நிதானமாக வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் ‘அவருடைய மரணம் எங்கள் குடும்பத்தை ஆழமாகப் பாதித்துவிட்டது’ என்று ஒரு வரி. அந்த இடத்தில் நின்றார். தவறாக வாசித்ததாக எண்ணி வரியின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி வாசித்தார். இரண்டாம் தடவை அவர் குரல் சற்றுத் தாழ்ந்தது. எதிரில் அதுவரை முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த இளைஞர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அந்த வரியை எழுதியபோது நான் அழுதிருந்தேன்; ஆனால் அந்த அறையில், வேறொருவர் குரலில், அது அலுவலகச் சுற்றறிக்கையின் வரியைப்போல ஒலித்தது.

பிறகு பிரதிகள் திரும்பி வந்தன. பதின்மூன்றில் ஒன்பது பிரதிகளில் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சில் கோடு இருந்தது. பயிற்றுநர் கருத்து எதையும் சொல்லாமல் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: “அன்று கடிகாரத்தைக் கழற்றியது யார்?” விதியின்படி நான் பதில் சொல்லவில்லை. ஆனால் பதில் எனக்குத் தெரியும். மருத்துவமனைச் செவிலியர் கழற்றி, பெயர்ச்சீட்டு ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். அது சாவி கொடுத்து ஓடும் கடிகாரம். முழுவதுமாகச் சாவி கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை நாள் ஓடும். அன்று காலையில் அப்பா கொடுத்த சாவியில், அந்த உறைக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவும் என்னிடம் இருந்தும் கதையில் இல்லை. வீட்டுக்குப் போய் அந்த வரியையும் அதைச் சுற்றியிருந்த இரண்டு பத்திகளையும் நீக்கிவிட்டு, உறையையும் அதன் சத்தத்தையும் எழுதினேன். மறுநாள் அது நிற்கும் முன் அம்மா அதை எடுத்துச் சாவி கொடுத்ததோடு கதையை முடித்தேன்.

‘எழுத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது, பட்டறைக்குப் போய் யாரும் எழுத்தாளர் ஆனதில்லை’ என்று இதற்கு மறுப்பு வரும் என்பதை அறிவேன். நான் எழுத்தாளர் ஆனேன் என்று சொல்லவில்லை. தனியாக இருந்திருந்தால் அந்த வரி பொய் என்பது எனக்குத் தெரிந்தே இருக்காது, ஏனென்றால் நான் வாசிக்கும்போது அதில் இல்லாத துக்கத்தை என் குரலே கூட்டிக்கொடுத்தது. இன்னொருவர் வாயிலிருந்து கேட்க இன்னொருவர் வேண்டும். அவ்வளவுதான் என் வாதம்.

இன்னும் சிலர், கூட்டமெல்லாம் வேண்டாம், ஒரு மாதத்தில் ஒரு நாவலை எழுதி முடியுங்கள் என்பார்கள். 1999இல் அமெரிக்காவில் இருபத்தொரு பேர் சேர்ந்து தொடங்கிய போட்டி அது; முப்பது நாளில் 50,000 சொற்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667. முடிக்கும் பழக்கத்தை அது தரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு ஆங்கிலத்துக்குப் போட்டது. ‘வந்திருக்கமாட்டார்களாம்’ என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஏழெட்டுச் சொற்கள் வேண்டும். தமிழில் 50,000 என்பது அவர்களுடைய 50,000ஐவிடப் பெரிய மலை. பாதியில் நின்றுபோனவர்கள் தங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது. மாத இறுதியில் பங்கேற்பாளர்களின் கதைகளைத் தொகுப்பாகப் போடுவதாகச் சொல்லி, ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மகிழ்ச்சியில் படிக்காமலே கையெழுத்திட்டேன். எல்லா உரிமைகளையும் வெளியிடுவோருக்கே அளிப்பதாகவும், வேண்டிய திருத்தங்களை அவர்களே செய்துகொள்ளலாம் என்றும் அதில் இருந்தது. அச்சுக்கு முன் சரிபார்ப்பதற்கான பிரதியான மெய்ப்பு எனக்குக் காட்டப்படவில்லை. புத்தகம் கைக்கு வந்தபோது, அம்மா சாவி கொடுப்பதற்குப் பிறகு புதிதாக ஒரு வரி இருந்தது: ‘அன்பு என்றும் அழிவதில்லை என்பதை அந்தக் கடிகாரம் எங்களுக்கு உணர்த்தியது.’ ஒன்பது பேரின் பென்சில் கோடுகளால் நான் வெளியேற்றிய குரல், வேறொரு கதவின் வழியாக என் பெயரிலேயே உள்ளே வந்திருந்தது. கேட்டதற்கு, வாசகர்களுக்குப் புரிய வேண்டுமே என்றார்கள். அவர்களுக்குத் தீய நோக்கம் இல்லை என்றே இன்றும் நம்புகிறேன். ஆனாலும் அது என் தந்தையின் கடிகாரம்.

ஆகவே இதைத் தெரிந்துகொண்டு போங்கள். 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கை என்னும் பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்தை ஏற்ற நாடுகளில், எழுதிய கணத்திலிருந்தே பதிப்புரிமை எழுதியவருக்குரியது. அதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. 1928இல் அந்த உடன்படிக்கையில் சேர்க்கப்பட்ட பிரிவு, படைப்பைத் தனதென்று சொல்லும் உரிமையையும், தன் மதிப்புக்குக் கேடு விளைக்கும் வகையில் அது திரிக்கப்பட்டால் எதிர்க்கும் உரிமையையும் எழுதியவருக்குத் தருகிறது. தொகுப்புக்குக் கதை கேட்டால், இந்த ஒரு நூலில் மட்டும் வெளியிட அனுமதிக்கிறேன், மெய்ப்பை நான் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அச்சுக்குப் போக வேண்டும் என்று இரண்டு வரிகளைப் படிவத்தில் கையால் எழுதி, அதன்கீழ் கையெழுத்திடுங்கள். மறுத்தால் கதையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அம்மையார் அப்படித்தான் செய்தார். தொகுப்பில் அவருடைய கதை இல்லை. நான்காம் வாரம் அதை வாசிக்கும் முறை எனக்கு வந்தது, அதில் நான் தடுமாறிய இடம் எதுவும் இல்லை.