கையெழுத்துக்கு மேலே இருந்த வரிகள்

அன்புள்ள அக்கா,
பொலிஸோடு சேர்ந்து இயங்கும் எங்கள் கிராமத்துச் சிவில் பாதுகாப்புக் குழுவில் என்னையும் சேரச் சொல்கிறார்கள். சேர்ந்தால் ஊர் என்னைக் காட்டிக்கொடுப்பவன் என்று சொல்லும். வட அயர்லாந்தில் பொலிஸையே மாற்றிக் காட்டினார்களே, இங்கே ஏன் முடியாது? நான் சேரலாமா?
ஒரு வாசகர், வவுனியா

அன்புத் தம்பி,

ஊர் நாலும் சொல்லும், அதை விடுங்கள். வட அயர்லாந்துக்கு வருகிறேன். 1999 இல் பொலிஸை எப்படி மாற்றுவது என்று ஆராய்ந்த பட்டன் (Patten) ஆணைக்குழு அறிக்கை தந்தபோது, அங்கே பொலிஸில் சிறுபான்மையினரான கத்தோலிக்கர் நூற்றுக்கு 8 பேர்தான். 2001 முதல் பத்து வருடம் பாதிக்குப் பாதி என்று ஆள் எடுத்து, அதை 30 அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய காரியம். ஆனால் அங்கே முறைப்பாடு சொன்னவரும் அதை எழுதியவரும் பேசியது ஒரே மொழி. இது உங்களுக்குத் தோன்றவே இல்லையா? எனக்குக் கோபம் வந்தது இதில்தான்.

எங்கள் வீட்டுச் சைக்கிள் களவுபோனபோது அம்மாவோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அம்மா தமிழில் சொன்னார். அரைகுறையாக விளங்கிக்கொண்ட அதிகாரி பெரிய கொப்பியில் சிங்களத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் கொப்பியைத் திருப்பி, கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தை விரலால் காட்டினார். வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைக்காதே என்று எனக்குச் சொல்லித் தந்த அம்மா, வாசிக்கத் தெரியாத வரிகளுக்குக் கீழே தன் பெயரைத் தமிழில் எழுதினார். வரும் வழியில், "நான் என்ன சொன்னதாக எழுதியிருக்கு, பிள்ளை?" என்று கேட்டார். பிறகு பிரதி எடுத்து, சிங்களம் தெரிந்த ஒருவரிடம் காட்டினோம். சைக்கிள் தொலைந்துவிட்டது என்று இருந்தது. தொலைந்த சைக்கிளுக்குக் கள்ளனைத் தேட வேண்டியதில்லையே.

1987 இல் வந்த, அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. அதே திருத்தம் மாகாணங்களுக்கு எழுதிவைத்த பொலிஸ் அதிகாரம் இன்றுவரை கைக்கு வரவில்லை. சரி, அது கொழும்பில் தீர வேண்டியது. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதுவதற்கு எந்தத் திருத்தத்துக்கும் காத்திருக்க வேண்டாம். தமிழ் எழுதத் தெரிந்த ஓர் ஆள் அந்த மேசையில் இருந்தால் போதும். இதைக் கேட்காமல் தெருவிளக்கையும் கசிப்பையும் பற்றி மட்டும் பேசிக் கலைகிற குழுவில் நீங்கள் எத்தனை வருடம் இருந்தும் என்ன?

சேருங்கள், தம்பி. முதல் கூட்டத்திலேயே பொறுப்பதிகாரியிடம் கேளுங்கள்: உங்கள் நிலையத்தில் தமிழில் வாக்குமூலம் எழுதக்கூடியவர் எத்தனை பேர், இரவுக் கடமையில் எத்தனை பேர்? பதிலைக் கூட்டக் குறிப்பில் தமிழில் பதியச் சொல்லுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா