உப்புக்காற்றில் பூத்துப்போன கேசட்டுகளை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் வீடு குளச்சல் பக்கம். அப்பா வளைகுடாவில் 18 வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். சினிமா இசை என்றால் அவருக்கு உயிர். அவர் காலமான பிறகு மச்சில் இருந்த தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தோம். 200 கேசட்டுக்கு மேல், 40 இசைத்தட்டு, ஒரு டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டர். பாதிக் கேசட்டுகளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. 'எல்லாம் போனிலேயே கிடைக்கும், தூக்கிப் போடு' என்கிறான் தம்பி. இவற்றைக் காப்பாற்ற முடியுமா? காப்பாற்றத்தான் வேண்டுமா?

பதில்: முதல் வேலை, எதையும் இப்போதைக்கு ஓட்டிப் பார்க்காதீர்கள். பூசணம் பிடித்த கேசட் ஒன்றை ஓட்டினால் அந்தத் தூள் நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டிலும் ரப்பர் உருளையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த நல்ல கேசட்டுக்கும் போய்ச் சேரும். டூ-இன்-ஒன்னுக்குள் இருக்கும் பெல்ட்டும் இத்தனை வருஷத்தில் தார் மாதிரி இளகியிருக்கலாம். அப்படியிருந்தால் நாடாவை இழுத்துச் சுருட்டிவிடும்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எதற்காகக் காப்பாற்றுகிறோம் என்று தெரிந்தால்தான் எந்தக் கேசட்டை முதலில் கையில் எடுப்பது என்று தெரியும்.

பாட்டுகளைப் பொறுத்தவரை உங்கள் தம்பி சொல்வது பெரும்பாலும் சரி. கம்பெனி வெளியிட்ட பிரபலமான படப்பாடல் கேசட் பூத்துப்போய்க் கிடந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் நம் ஊரில் சினிமா இசைத்தட்டு என்றால் பாட்டு மட்டும்தான். பின்னணி இசையைத் தனியாக வெளியிடும் வழக்கம் தமிழில் நெடுங்காலம் இல்லை. 1995-ல் 'பம்பாய்' பாடல்களோடு அதன் தீம் இசையும் சேர்ந்து வந்தபோது அந்த ஒரு பகுதியை மட்டும் ரீவைண்ட் செய்து செய்து கேட்டவர்களில் நானும் ஒருவன். அதற்கு முந்தைய காலத்தில் அந்தப் பசிக்குக் கிடைத்தது கதை வசனத் தட்டுகளும் கேசட்டுகளும்தான். 'திருவிளையாடல்' வசனம் ஒலிபெருக்கியில் முழங்காத கோயில் கொடை நம் பக்கத்தில் உண்டா? வசனத்துக்கு அடியில் ஓடும் இசையை மட்டும் காது பிடித்துக் கேட்டுப் பாருங்கள், அது தனி உலகம். படமே யூடியூபில் இருக்கிறதே என்று தோன்றலாம். பல பழைய படங்கள் வெட்டுப்பட்ட, ஒலி தேய்ந்த பிரதிகளாகத்தான் கிடைக்கின்றன. சிலவற்றுக்குப் பிரதியே இல்லை. அதனால் அப்பாவின் பெட்டியில் 'கதை வசனம்' என்று எழுதியது எது இருந்தாலும் தனியாக எடுத்துவையுங்கள்.

அடுத்தது, மேலுறையில் கையால் பாட்டு வரிசை எழுதிய கேசட்டுகள். 80-களில் ரிக்கார்டிங் சென்டரில் ஒரு வெற்று கேசட்டையும் துண்டுச்சீட்டில் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வருவோம், ஞாபகம் இருக்கிறதா? 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். கடைசியில் ஒன்றிரண்டு நிமிடம் மிச்சம் விழுந்தால் கடைக்காரர் தன் விருப்பப்படி ஏதாவது ஒரு வாத்திய இசையைப் போட்டு நிரப்பிவிடுவார். எனக்குப் பிடித்த பல இசைத் துணுக்குகளை அந்த மிச்ச நிமிடங்களில்தான் முதன்முதலாகக் கேட்டேன். அந்தத் தொகுப்பு, அந்த வரிசை, அப்பாவின் கையெழுத்து, மூன்றும் சேர்ந்து உலகத்தில் அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கும்.

மூன்றாவதாக வானொலியிலும் டிவியிலும் பிடித்தவை. நம் கரையோரத்தில் இலங்கை வானொலி எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்பதைச் சொல்லவே வேண்டாம். அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவின் குரலோ பி.எச். அப்துல் ஹமீதின் அறிவிப்போ பாட்டுக்கு நடுவில் பதிந்திருந்தால் பாட்டைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம். ஆன்டெனாவைத் திருவனந்தபுரம் பக்கம் திருப்பிவைத்து தூர்தர்ஷன் பார்த்த வீடுகளில் தொடர்களின் தலைப்பு இசையை டிவி பெட்டிக்கு முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பிடித்திருப்பார்கள். பின்னால் பிரஷர் குக்கர் விசில் கேட்கும், யாரோ 'சத்தம் போடாதே' என்பார்கள். அதையெல்லாம் வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

இனி, எப்படிக் காப்பாற்றுவது.

நம் குமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. போதாததற்குக் கடலின் உப்புக்காற்று. பூசணத்துக்கு இது சொர்க்கம். எனவே துடைப்பதற்கு முன் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைக்காதீர்கள், நாடா நெளிந்துவிடும். காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு கேசட்டுகளைப் போட்டு மூடி இரண்டு வாரம் விடுங்கள். உலர்ந்த பூசணம் தூளாகி எளிதில் உதிரும். அதன்பிறகு மூக்கில் முகக்கவசம் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்திலேயே வர வேண்டாம்.

கேசட்டைத் திறப்பது பயப்படும்படியான வேலை இல்லை. நான்கோ ஐந்தோ சின்னத் திருகாணிகள் இருக்கும். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, மேல் மூடியை நிமிர்த்தித் தூக்குங்கள். நாடா இரண்டு வட்டங்களாகப் படுத்திருக்கும். நடுவில் முன்பக்கம் மெல்லிய உலோகத் தகட்டில் ஒட்டிய சிறு கம்பளித் துண்டு ஒன்று உண்டு. நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். 'கேசட் கெட்டுவிட்டது, சத்தமே வரவில்லை' என்று எறியப்பட்டவற்றில் பலவற்றுக்கு நோய் அந்தப் பஞ்சு விழுந்துபோனதுதான்! திருகாணி போட்ட நல்ல காலிக் கூடு ஒன்றுக்குள் இரண்டு வட்டங்களையும் அப்படியே மாற்றிவைத்தால் உயிர் வந்துவிடும். நாடாவின் பரப்பை மட்டும் விரலால் தொடாதீர்கள். திருகாணி இல்லாமல் ஒட்டி மூடிய பழைய கூடுகளை விளிம்பில் மெல்லிய கத்தியால் பிளக்க வேண்டும். அதை முதல் தடவையே அருமையான கேசட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

பிறகு பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகி, கடைசி வரை மெதுவாக ஒரு முறை சுற்றிவிடுங்கள். ஒட்டிக்கிடக்கும் அடுக்குகள் பிரியும். டூ-இன்-ஒன்னுக்குப் பெல்ட் மாற்ற நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பழைய ரேடியோ மெக்கானிக் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். ஒவ்வொரு கேசட் ஓடி முடிந்ததும் ஹெட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள்.

கணினியில் ஏற்ற, மலிவு விலையில் வரும் வாக்மேன் போன்ற யூ.எஸ்.பி. கருவியை வாங்காதீர்கள். அதில் வேகம் சீராக இருக்காது, வீணை நாதம் நெளியும். கேசட் டெக்கின் லைன் அவுட் துளையிலிருந்து கம்பி எடுத்து, ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கொடுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜி.பி. ஆகும். ஃபிளாக் (FLAC) என்ற கோப்பு வடிவில் சேமித்தால் நாதம் குறையாமல் அளவு நன்றாகக் குறையும். எம்.பி.3 போனுக்கு மட்டும்.

ஒலி மந்தமாக இருந்தால் உடனே மென்பொருளில் ட்ரெபிளை ஏற்றாதீர்கள். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சிறு திருகாணி உண்டு. பாட்டு ஓடும்போதே அதைக் கால் சுற்று, அரைக் கால் சுற்று என்று திருப்பி, பாடகியின் 'ச', 'ஸ' எழுத்துகள் பளிச்சென்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு ரிக்கார்டிங் சென்டரின் ஹெட்டும் ஒவ்வொரு கோணம், அதனால் ஒவ்வொரு கேசட்டுக்கும் பார்க்க வேண்டியிருக்கும். இந்த ஒரு வேலையில்தான் பாதி வெற்றி.

இசைத்தட்டுகளை வேகம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பார்த்துப் பிரியுங்கள். 33, 45 என்று போட்டவை வினைல். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திர சோப்பு கலந்து, நடு லேபிள் நனையாமல், பள்ளங்களின் ஓட்டத்திலேயே துடைத்து நிறுத்தி உலர்த்துங்கள். கனமாக, தட்டினால் ஓடு மாதிரி சத்தம் வரும் 78 வேகத் தட்டு அரக்கால் ஆனது. அதில் ஸ்பிரிட் படவே கூடாது. பல வருஷம் முன்பு விவரம் தெரியாமல் ஒரு தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது, தட்டின் பளபளப்பு போயே போய்விட்டது. இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. 78-ஐ ஓட்ட அதற்கென்றே அகலமான ஊசி வேண்டும், 33 வேக எல்.பி. தட்டின் ஊசியைப் போடாதீர்கள். மைக் செட்காரரிடமிருந்து கைமாறி வந்த தட்டு என்றால் பள்ளங்கள் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருக்கும், அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

உறைகளின் இருபுறத்தையும் போட்டோ எடுத்து, அதே எண்ணைக் கோப்புக்கும் போடுங்கள். பழைய உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயரும் சில சமயம் இருக்கும், இணையத்தில் அது எளிதில் கிடைக்காது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். வீட்டில் கேட்கப் பதிவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பொதுவெளியில் ஏற்ற வேண்டாம்.

தகரப்பெட்டி மறுபடி மச்சுக்குப் போக வேண்டாம். ஓட்டுக்கு அடியில் உள்ள சூட்டில் தட்டு வளையும். கடலைப் பார்த்த சுவரில் சாய்க்காமல், உள்ளறை அலமாரியில் நிற்கவைத்து அடுக்குங்கள், கூடவே சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதமானி ஒன்றும். முள் 50-க்குப் பக்கத்தில் நின்றால் நிம்மதி.

கேசட்டுகளைத் திறக்கும் வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள், காற்று அப்போதுதான் சற்று உலர்ந்திருக்கும். அதுவரை டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். முதலில் திறக்க வேண்டியது அப்பாவின் கையெழுத்து உள்ளது. அதன் இரண்டாம் பக்கத்தில் பாட்டு முடிந்ததும் நிறுத்தாமல், நாடா தீரும் வரை ஓடவிடுங்கள்.