குட்டி ராக்கெட்: உங்கள் கேள்விகள்

விரல் நீள மாதிரி ராக்கெட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். சமையல் குறிப்புக்குக்கூட இத்தனை கடிதங்கள் வந்ததில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது. கடையில் இரண்டடி உயர ராக்கெட் பெட்டியைப் பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்கிறாள். நீங்களோ சிறியதிலிருந்து தொடங்கச் சொல்கிறீர்கள். எதை வாங்குவது?
ஒரு தந்தை, ஆஸ்டின்

மஸ்கீட்டோ. பெயருக்கேற்ற கொசுதான். எஸ்டீஸ் நிறுவனத்தின் பழைய வடிவமைப்புகளில் ஒன்று. நீளம் பத்து சென்டிமீட்டர். ஒரு காகிதக் குழாய், ஒரு மூக்குக் கூம்பு, பால்சா மரத்தில் மூன்று சிறகுகள். பாராசூட் கிடையாது. ஆகவே அதை மடிக்கும் வேலையும் இல்லை, நூல் சிக்கும் தொல்லையும் இல்லை. ஒரு மாலையில் ஒட்டி, இரவு காயவிட்டு, மறுநாள் காலை ஏவிவிடலாம்.

இதற்குள் போகும் எஞ்சின் 13 மில்லிமீட்டர் தடிமனும் 45 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. உங்கள் மகள் கேட்கும் பெட்டிக்கு அநேகமாக 18 மில்லிமீட்டர் தடிமன், 70 மில்லிமீட்டர் நீளமுள்ள எஞ்சின் தேவைப்படும். எஞ்சின் மேல் '¼ஏ3-3டி' என்பதுபோல் அச்சிட்டிருப்பார்கள். எழுத்து, அது தரும் மொத்த உந்துதலைக் குறிக்கிறது. ¼ஏ என்றால் அதிகபட்சம் 0.625 நியூட்டன்-வினாடி, ½ஏ என்றால் 1.25, ஏ என்றால் 2.5. இப்படி ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாகிக்கொண்டே போகும். அடுத்து வரும் 3, சராசரி உந்துவிசை எத்தனை நியூட்டன் என்பது. கோட்டுக்குப் பின்னால் வரும் 3, எரிந்து முடிந்தபின், எஞ்சினை வெளியே தள்ளும் சிறு மருந்து வெடிக்கும்வரை உள்ள வினாடிகள். 'டி' என்பது இந்த 13 மில்லிமீட்டர் ஒல்லி எஞ்சினுக்கான அடையாளம்.

நான் சிறியதைச் சொல்வதற்குக் காரணம் பணமல்ல, மைதானம். அமெரிக்காவின் தேசிய ராக்கெட்ரி சங்கப் பாதுகாப்பு விதிகளின்படி ¼ஏ, ½ஏ எஞ்சின்களுக்கு 50 அடி அகலமுள்ள திறந்தவெளி போதும். ஏ எஞ்சினுக்கு 100 அடி, பி எஞ்சினுக்கு 200, சி எஞ்சினுக்கு 400. பெரிய ராக்கெட்டை வாங்கியவர்கள் சனிக்கிழமை காலையில் ஆளில்லாத திடலைத் தேடிக் காரோட்டிக்கொண்டிருப்பார்கள். உங்கள் மகள் அதற்குள் நான்கு தடவை ஏவி முடித்திருப்பாள். முதல் நாள் ¼ஏ மட்டும் வாங்குங்கள். ஏ எஞ்சினைப் போட்டால் கொசு நூறு மீட்டரைத் தாண்டிப் போய்விடும். பிறகு அது போனதுதான்.

சிறகு ஒட்டும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். மரத்தின் இழை, சிறகின் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முதல் இறக்கத்திலேயே சிறகு முறியும்.

எடையைக் குறைக்கக் குறைக்க ராக்கெட் உயரமாகப் போகும் என்றுதானே பொருள்? சாயம் பூசாமல், பசையைச் சொட்டுச் சொட்டாக வைத்து, சிறகுகளை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கினேன். எதிர்பார்த்த அளவு உயரவில்லையே?
எஞ்சினியரிங் மாணவர், சிகாகோ

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை நடத்தலாம்.

என்னிடம் தங்க நகை எடைபோடும் தராசு ஒன்று இருக்கிறது. சமையலறைத் தராசில் இந்த ராக்கெட்டுகள் பதிவாவதே இல்லை. நகைத் தராசில் வைத்துப் பார்த்தால் ஒல்லி எஞ்சின் ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. ராக்கெட் அரைப் பவுனை ஒட்டி நிற்கும். அதாவது ஏறிப்போகும் எடையில் பெரும்பகுதி எஞ்சினே. நீங்கள் தேய்த்துத் தேய்த்து மிச்சப்படுத்தியது மீதியில் ஒரு துளி.

அதைவிட முக்கியமானது வேறொன்று. எஞ்சின் எரிவது ஒரு வினாடிகூட இல்லை. உயரத்தின் பெரும்பங்கு அதற்குப் பின், வெறும் வேகத்தில் ஏறும்போதுதான் கிடைக்கிறது. அப்போது காற்று ராக்கெட்டைப் பின்னுக்கு இழுக்கிறது. இழுவிசை ஒன்றாக இருந்தாலும், எடை குறைந்த பொருள் விரைவில் வேகமிழக்கும். காகித உருண்டையை எவ்வளவு பலமாக எறிந்தாலும் எதிர்ச்சுவரைத் தொடாது. அதே அளவு கூழாங்கல் தொடும். ஆகவே ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு பொருத்தமான எடை உண்டு. அதற்கு மேலே போனாலும் உயரம் குறையும், கீழே போனாலும் குறையும். ஏ எஞ்சினோடு பறக்கும் ஒல்லி ராக்கெட்டுகள் பல, அந்த எடைக்குச் சற்றுக் கீழேயே இருக்கின்றன.

அப்படியானால் தேய்த்தது வீணா? இல்லை. தேய்க்கும்போது எடையோடு காற்றின் இழுவையும் குறைகிறது. சிறகின் முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பைக் கத்திபோல் கூராக்குங்கள். பால்சாவின் நுண்துளைகளை அடைத்து வழவழப்பாக்குங்கள். அதற்காகச் சாயத்தின் எடை கொஞ்சம் ஏறினாலும் நட்டமில்லை. எடை குறைவின் உண்மையான லாபம் இறங்கும்போதுதான் தெரியும். எடை பாதியானால் விழும் வேகம் ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைகிறது. இந்த வகை ராக்கெட்டுகளில் உச்சியில் எஞ்சின் பின்பக்கமாக வெளியே தள்ளப்பட்டுவிடும். மிச்சக்கூடு புரண்டு புரண்டு இறங்கும். பாராசூட் இல்லாமலே சிறகு உடையாமல் தரை சேர்வது அதனால்தான்.

காகிதத்தைச் சுருட்டி நாங்களே ஒரு ராக்கெட் செய்தோம். ஏவியதும் பாம்புபோல் நெளிந்து புல்லுக்குள் போய்விட்டது.
இரட்டையரின் அம்மா, நியூ ஜெர்சி

வால் கனம். குட்டி ராக்கெட்டுகளுக்கே உரிய வியாதி இது. எஞ்சின் பின்னால் உட்கார்ந்திருக்கிறது, முன்னால் எடையே இல்லை. எஞ்சினைப் பொருத்திய பிறகு ராக்கெட்டை விரலில் வைத்து, சமநிலை பெறும் இடத்தைக் குறியுங்கள். காற்றின் அழுத்தம் குவியும் மையம் அதற்குப் பின்னால், குறைந்தது ஒரு குழாய் விட்டம் தள்ளி இருக்க வேண்டும். உங்கள் குழாய்க்கு அது 14 மில்லிமீட்டர்தான்.

சோதிப்பது எளிது. குறியிட்ட இடத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு சுற்றினால் தேறிவிட்டது. பக்கவாட்டிலோ வால் முன்னாலோ சுற்றினால் மூக்குக்குள் சிறிது களிமண் வையுங்கள், அல்லது சிறகைப் பெரிதாக்குங்கள். நான் களிமண் கட்சி. முன்சொன்ன மாணவர் இதைப் படித்தால் முகம் சுளிப்பார், ஆனால் சில சமயம் அந்த எடை உயரத்தையும் கூட்டும்.

தீபாவளி வாணம் வெடிக்கும்போதே எனக்குப் பயம். இதில் வெடிமருந்தைக் குழந்தை கையில் கொடுக்கச் சொல்கிறீர்களா?
ஒரு பாட்டி, ஹூஸ்டன்

பாட்டி, உங்கள் பயம் நியாயமானது. இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்ததே அந்தப் பயத்தால்தான். 1957இல் ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்கப் பையன்கள் இரும்புக் குழாய்களில் கண்ட மருந்தையும் அடைத்துக் கொளுத்தி விரல்களை இழந்தார்கள். அதற்கு முன்பே, 1954இல், நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் ஊரில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் தம் சகோதரர் ராபர்ட்டோடு சேர்ந்து ஒரு வழி கண்டிருந்தார். உடல் காகிதமும் மரமும். எஞ்சின் தனியாக, முன்கூட்டியே அடைத்து மூடிய காகிதக் கூடு. ஒருமுறை எரிந்ததும் மாற்றிவிடலாம். ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் பொறியாளர் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். டென்வரில் வெர்ன் எஸ்டீஸ் அந்த எஞ்சின்களை அழுத்திச் செய்ய ஓர் இயந்திரத்தைக் கட்டினார். அதற்கு 'மேபல்' என்று பெயர்.

ஆகவே குழந்தை மருந்தைத் தொடுவதே இல்லை. திரியும் தீக்குச்சியும் இல்லை; மின்கலத்தில் இணைத்த கம்பி வழியாக, பதினைந்து அடி தள்ளி நின்று பொத்தானை அழுத்துகிறோம். பற்றவில்லை என்றால் பொத்தான் பெட்டியின் சாவியை உருவிவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்த பின்பே பக்கத்தில் போகிறோம். வாணத்திலிருந்து மருந்தை உதிர்த்து இதில் போடலாமா என்று வேறு இரண்டு கடிதங்கள் கேட்டிருக்கின்றன. கூடாது. அதற்கு விளக்கமும் கிடையாது.

மதுரையில் இருக்கும் அக்கா மகனுக்கு நாலைந்து எஞ்சின்களைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போகலாமா?
சான் ஹோசே வாசகர்

கைப்பையிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது. விமானத்தில் ராக்கெட் எஞ்சினுக்கு அனுமதி இல்லை. குழாயையும் சிறகுகளையும் மட்டும் கொண்டுபோய்ப் பிள்ளையை ஏங்க வைக்காதீர்கள். அங்கே தண்ணீர் ராக்கெட் செய்யலாம்; சோடா பாட்டில், சைக்கிள் பம்பு, தண்ணீர் போதும். மொட்டை மாடியை விடுத்து மைதானத்தில் செய்யச் சொல்லுங்கள்.

எத்தனை ஏவினாலும் தொலைந்துவிடுகிறது. என்ன நிறம் பூசலாம்?
டாலஸ் வாசகர்

ஒளிரும் ஆரஞ்சு நிறம் புல்லில் தெரியும், வானத்தில் கறுப்பே தெளிவாகத் தெரியும். ஆகவே பாதிக்குப் பாதி. போட்டிகளில் பறக்கவிடுபவர்கள் குழாய்க்குள் வண்ணப் பொடியைத் தூவிவிடுவார்கள். உச்சியில் கூடு திறக்கும்போது ஒரு சிறு மேகம் தெரியும். மூக்கைக் கழற்றிவிடும் வகையானால் பளபளக்கும் ஒரு நாடாவைக் கட்டுங்கள். அகலத்தைப்போல் பத்து மடங்கு நீளம் என்பது பழைய கணக்கு. இரண்டு பேர் தள்ளித் தள்ளி நின்று ஆளுக்கொரு திசையிலிருந்து பாருங்கள். இருவரின் பார்வைக் கோடுகளும் வெட்டும் இடத்தில் தேடுங்கள்.

உங்கள் ஊரில் கோடையில் காய்ந்த புல்மேல் ஏவவே ஏவாதீர்கள். துப்பப்பட்ட எஞ்சின் கூடு சூடாக விழும். மாவட்டத்தில் தீமூட்டத் தடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ராக்கெட் ஒன்றரைக் கிலோவுக்கும் எரிபொருள் 125 கிராமுக்கும் மிகாதவரை விமானப் போக்குவரத்துத் துறையிடம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பூங்கா நிர்வாகத்தையும் தீயணைப்புத் துறையையும் கேட்க வேண்டும்.

மஸ்கீட்டோவைவிடச் சிறியது உண்டா?
பெயர் இல்லை, ஊரும் இல்லை

உண்டு. க்வெஸ்ட் நிறுவனம் மைக்ரோமேக்ஸ் என்று ஒரு வகையைக் கொண்டுவந்தது. எஞ்சினின் தடிமன் 6 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ ஒரு கிராம். அதற்கான குழாய்க்கு நல்ல தாளைப் பென்சிலில் சுற்றினாலே போதும். கொல்லைப்புறத்தில் ஏவிக் கொல்லைப்புறத்திலேயே பொறுக்கிவிடலாம். ஒட்டுவதற்கு மட்டும் ஒரு சிறு இடுக்கி வாங்கிக்கொள்ளுங்கள், ஐம்பதைத் தாண்டியவர் என்றால் பூதக்கண்ணாடியும்.