குரல் முன்னே, ஆள் பின்னே

கேள்வி: கல்யாணங்களிலும் கோயில் விழாக்களிலும் பக்திப் பாடல்கள் பாடுகிறேன். கேட்டவர்கள் மெச்சுகிறார்கள், அடுத்த கச்சேரிக்குத்தான் யாரும் கூப்பிடுவதில்லை. அந்தக் கால நாடகக்காரர்கள் தங்களைத் தெரியப்படுத்திக்கொண்ட வழி எனக்கு உதவுமா?
- வாசகி, கோட்டையூர்

பதில்: நிச்சயம் உதவும். முதலில் பெயர். எஸ்.ஜி. கிட்டப்பாவின் 'எஸ்' செங்கோட்டை, கே.பி. சுந்தராம்பாளின் 'கே' கொடுமுடி. பல ஊர் நடிகர்கள் ஓர் இரவுக்குச் சேர்ந்து நடிக்கும் ஸ்பெஷல் நாடகத்தின் நோட்டீஸில் இன்றும் நடிகர் படத்தோடு ஊரும் வேடமும் போடுகிறார்கள். எங்கே தேடுவது, எதற்குக் கூப்பிடுவது இரண்டும் தெரிந்துவிடும். நீங்களும் கோட்டையூரைச் சேர்த்து, நோட்டீஸ், யூடியூப், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். பட்டங்கள் வேண்டாம், அவை இடத்தைப் பிடித்துக்கொண்டு போன் நம்பரைப் பொடி எழுத்தாக்கிவிடும்.

அடுத்து வீடியோ. நாடகத்தில் கதாநாயகனான ராஜபார்ட் திரைக்குள்ளிருந்தே பாட ஆரம்பிப்பார். முகம் தெரியுமுன் குரல் சபையைப் பிடித்துவிடும். குத்துவிளக்கு, பொன்னாடைக் காட்சிகளை வெட்டிவிட்டு, ஐந்து விநாடிக்குள் பல்லவி கேட்கும்படி செய்யுங்கள். மொத்தம் 90 விநாடி போதும்.

பலருக்கும் காரியம் கெடுவது பதிவில்தான். ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே போனை வைத்தால் அதன் மைக் தாங்காது, குரல் கரகரக்கும். வீட்டுப் பட்டாலையில் (பெரிய கூடத்தில்) பாடினாலோ தரையின் ஆத்தங்குடிக் கல்லும் வழவழப்பான சுவரும் ஒலியைத் திருப்பியடித்து, பாட்டின் சொற்கள் குழம்பும். சின்ன அறையில் ஜமுக்காளம் விரித்து, சுவரில் மெத்தையைச் சாய்த்து, போனை இரண்டடி தள்ளிச் சற்றே பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் ப போன்ற எழுத்துகளில் மூச்சுக் காற்று மைக்கில் மோதும்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும். யூடியூப் லிங்க் அனுப்புங்கள். நகரத்தார் வீட்டு விசேஷத்தை முடிவு செய்பவர் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருக்கக்கூடும். இங்கே உங்களைக் கேட்ட ஆச்சி அவருக்கு அனுப்ப அந்த லிங்க் வேண்டும்.

கோயில் விழா நோட்டீஸ் அச்சுக்குப் போனபின் கேட்டுப் பயனில்லை. பங்குனி விழாவுக்குத் தையிலேயே விழாக் குழுவைப் பாருங்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம், மைக் செட் யாருடையது, அட்வான்ஸ் எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்.

மேடையில் பெயரையும் ஊரையும் நீங்களே சொல்லுங்கள்: தொடக்கத்தில், கூட்டம் நிறைந்தபின், மங்களத்துக்கு முன். பந்திக்குப் போய்த் திரும்பியவர்கள் முதல் அறிவிப்பைக் கேட்டிருக்க மாட்டார்கள்.