பழைய டர்போ ஆக்டேவியா: ரீமேப்புக்கு முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: என்னிடம் 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இருக்கிறது. 1.8 டர்போ பெட்ரோல், 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் இழுவை இல்லை. அழுத்தி மிதித்தால் கறுப்புப் புகை வருகிறது. கே04 டர்போ மாட்டி ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது? – காட்பாடி வாசகர்

பதில்: கே04 என்ற அந்தப் பெரிய டர்போவை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். கம்பெனி கொடுத்த 150 குதிரைத்திறனே இப்போது உங்கள் வண்டியில் முழுதாக இல்லை. அதற்கு அந்தப் புகையே சாட்சி. ஏர் ஃபில்டரை அடுத்துள்ள மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் காற்றை அளக்க, அதற்கேற்ப ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) பெட்ரோல் விடுகிறது. அளந்த காற்று டர்போவைத் தாண்டியபின் கிழிந்த ஹோஸ் வழியாக வெளியேறிவிட்டால், உள்ளே வராத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் போகும். புகையும் மந்தமும் சேர்ந்து வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இந்த நிலையில் ரீமேப் செய்தால், ஒழுகும் காற்றை ஈடுகட்ட டர்போ வரம்பு மீறிச் சுழன்று சாகும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. சென்சாருக்கு அடுத்த இன்டேக் பைப்பின் வாய்க்குப் பொருந்தும் பிவிசி எண்ட் கேப்பில் துளையிட்டு, ஒரு டியூப் வால்வைப் பொருத்துங்கள். பிசிவி ஹோஸை (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்) அடைத்துவிட்டு, எஞ்சின் ஆஃபில் இருக்கும்போது 0.7 பார் வரை காற்றடியுங்கள். அதற்கு மேல் வேண்டாம், சீல்கள் தாங்காது. சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை இடத்தைக் காட்டிவிடும். இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸ் முனைகளும், மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும் பிசிவி ரப்பர்களும் இந்த வயதில் தொட்டாலே உதிரும். மிதியை விட்டதும் மிஞ்சிய காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வைக் கழற்றி, உள்ளே இருக்கும் டயஃப்ரமை அழுத்திப் பிடித்துக்கொண்டு வேக்யூம் முனையை விரலால் மூடுங்கள். அழுத்தியதை விட்டதும் அது திரும்பி வந்துவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

ஓட்டை அடைத்தபின் ஈசியூவின் அளவீடுகளை லேப்டாப்பில் காட்டும் விசிடிஎஸ் கேபிளை மாட்டி, டைனோவில் (வண்டியை உருளை மேல் ஓட்டித் திறன் அளக்கும் கருவி) மூன்றாம் கியரில் ஓடவிடுங்கள். நெடுஞ்சாலையில் இதைச் செய்யக் கூடாது. ஒரு குதிரைத்திறனுக்கு விநாடிக்கு சுமார் 0.8 கிராம் காற்று என்பது கைக்கணக்கு. அப்படியானால் 150-க்கு 120 கிராம் வர வேண்டும். விசிடிஎஸ்ஸின் 115-ஆம் பிளாக்கில் (அளவீட்டுத் தொகுதி) ஈசியூ கேட்ட பூஸ்ட்டும் (டர்போ தரும் காற்றழுத்தம்) உண்மையில் வந்த பூஸ்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். 020-ஆம் பிளாக், நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடிப்பது) காரணமாக ஒவ்வொரு சிலிண்டரிலும் டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) எத்தனை டிகிரி பின்வாங்குகிறது என்று காட்டும். கம்பெனி மென்பொருளான ஸ்டாக் மேப்பிலேயே 5, 6 டிகிரி பின்வாங்கினால் ரீமேப் பேச்சே வேண்டாம்.

ஆயிலை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த எஞ்சின்களில் பல அதனால்தான் போயின. சம்ப்பின் (எஞ்சினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டி) அடியில் உள்ள ஸ்ட்ரெய்னரின் வலைக்கண்ணில் கரிப்படிவு அடைத்துக்கொள்ளும். முதலில் பட்டினி கிடப்பது டர்போ. எஞ்சின் நன்றாகச் சூடானபின் 2,000 ஆர்பிஎம்மில் ஆயில் அழுத்தம் கேஜில் 3 பாருக்குக் குறைந்தால் சம்ப்பை இறக்கி ஸ்ட்ரெய்னரை மாற்றியே ஆக வேண்டும். பிறகு விடபிள்யூ 502 தரத்தில் 5டபிள்யூ-40 முழு சிந்தெட்டிக் ஆயில், 7,500 கி.மீ.க்கு ஒருமுறை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், டென்ஷனர், வாட்டர் பம்ப்போடு சேர்த்து இப்போதே மாற்றுங்கள். பெல்ட் அறுந்தால் 20 வால்வும் பிஸ்டனில் மோதும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் பக்கத்து உப்பு, அலுமினியத்தைத் தின்னும். டிஸ்டில்டு வாட்டரும் ஜி12 கூலன்ட்டும்தான்.

இனி வேலூர் வெயில். கத்திரியில் 40 டிகிரி காற்றை டர்போ 0.6 பாருக்கு அழுத்தினால், இன்டர்கூலருக்குள் நுழையும்போது அது 100 டிகிரியைத் தாண்டும். 1 பார் என்றால் 135-க்கு மேல். பம்பர் மூலையில் இருக்கும் ஸ்டாக் இன்டர்கூலர் சிறியது. டைனோ ஓட்டத்தின் முடிவில் இன்டேக் காற்று வெளி வெப்பத்தைவிட 30 டிகிரிக்கு மேல் ஏறியிருந்தால், முதல் செலவு ஃப்ரன்ட் மவுன்ட் இன்டர்கூலர். ஆனால் அது ஏசி கண்டென்சரை மறைக்கும் என்பதால், தடிமன் குறைந்ததையே தேர்ந்தெடுங்கள்.

இதெல்லாம் முடிந்தபின், வண்டியில் இருக்கும் கே03 டர்போவிலேயே ஸ்டேஜ் 1 மேப் (முதல் கட்ட ரீமேப்) போடுங்கள். மேப் போடுபவரிடம் 95 ஆக்டேன் பெட்ரோல், பூஸ்ட் உச்சம் 0.9 பார், டார்க் (முறுக்குவிசை) 250 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கியர்பாக்ஸ் 250-க்காகச் செய்யப்பட்டது. பழைய கிளட்ச் அதற்கு முன்பே வழுக்கலாம். 190 குதிரைத்திறன் வரை நியாயமாக எதிர்பார்க்கலாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அதுவே தாராளம். அந்த இறக்கத்துக்கு பிரேக் ஃப்ளூயிட் டாட் 4 புதிதாக இருப்பதுதான் முக்கியம். கே04 போட்டால் கிளட்ச், இன்ஜெக்டர், கனெக்டிங் ராடு என்று செலவு நீளும்.

சட்டத்தையும் மனதில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அனுமதியற்ற மாற்றங்களைத் தடுக்கிறது; 182ஏ(4)-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ரீமேப்பும் சைலன்சர் மாற்றமும் இன்ஷூரன்ஸ் கிளெய்மையும் சிக்கலாக்கும். எனவே எதையும் செய்வதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புது ஸ்பார்க் பிளக்குகளை 0.7 மி.மீ. இடைவெளியில் மாட்டுங்கள். மேப் போட்டு 500 கி.மீ. ஓடியதும் நான்கையும் கழற்றி, வெள்ளைப் பீங்கானை லென்ஸில் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளியோ, வெள்ளித் துகளோ ஒட்டியிருந்தால் உள்ளே நாக்கிங் நடக்கிறது. அன்றே வண்டியை மேப் போட்டவரிடம் கொண்டுபோய் டைமிங்கைக் குறைக்கச் சொல்லுங்கள்.